தேவசகாயம் பிள்ளை

தேவசகாயம் பிள்ளை (ஏப்ரல் 23, 1712 – சனவரி 14, 1752) 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசில் அரண்மனை அலுவலராக இருந்து, கத்தோலிக்க கிறித்தவ சமயத்தைத் தழுவி, பின்னர் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறையிலும் சித்திரவதையிலும் கழித்து, ஆரல்வாய்மொழி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் ஆவார். இவரது இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. கத்தோலிக்கத் திருச்சபை இவரை மறைசாட்சி என ஏற்று 2012ஆம் ஆண்டில் முத்திப்பேறு பெற்றவர் என்றும், 2022ஆம் ஆண்டில் புனிதர் என்றும் அறிவித்தது. இந்தியப் பொதுநிலையினருள், அதாவது குருவாகவோ துறவியாகவோ இல்லாதவருள், புனிதர் பட்டம் பெற்ற முதலாமவர் இவரே.

இவர் நூல் எதுவும் எழுதியவர் அல்லர். சபை எதையும் நிறுவியவரும் அல்லர். திருமுழுக்குப் பெற்ற பின் இவர் வாழ்ந்தது ஏழாண்டுகளுக்கும் குறைவான காலமே. அதிலும் பிற்பாதி முழுவதும் விலங்கில் கழிந்தது. புதிய நம்பிக்கையைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பினால் அனைத்தும் மன்னிக்கப்படும் என்ற வாய்ப்பு தம்முன் வைக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அதை மறுத்தார் என்பதே இவரது வாழ்க்கை வரலாற்றின் மையச் செய்தியாகும்.

பிறப்பும் குடும்பமும்

நீலகண்ட பிள்ளை, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய நட்டாலம் என்னும் ஊரில் பிறந்தார். அப்பகுதி அக்காலத்தில் வேணாட்டு அரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தை வாசுதேவன் நம்பூதிரி காயங்குளத்தைச் சேர்ந்தவர். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசைப் பணி செய்துவந்தார். தாய் தேவகி அம்மாள். தந்தை நம்பூதிரி ஆயினும் மகன் தாய்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தவராகவே கொள்ளப்பட்டார். மருமக்கள்தாயம் என்னும் தாய்வழி உரிமை முறையில் பிள்ளைகள் தாயின் தறவாட்டில் தாய்மாமன்மாரின் பொறுப்பில் வளர்வதே வழக்கம். எனவே நீலகண்டன் நாயர் குலத்தவராக வளர்ந்தார். பெயருடன் சேர்ந்த பிள்ளை என்னும் பட்டமும் அக்குலத்தைக் குறிப்பதே.

தமிழ், மலையாளம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளுடன் வில், வாள் முதலிய படைக்கலப் பயிற்சியும் வர்மக் கலையும் கற்றார் என இவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். உரிய வயதில் மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார்.

அரண்மனைப் பணி

இவர் வளர்ந்த காலம் தென்கோடி அரசியலில் பெருமாற்றம் நிகழ்ந்த காலமாகும். 1729இல் ஆட்சிக்கு வந்த அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, சிறிய வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பேரரசாக விரிவாக்கத் தொடங்கினார். அதற்கு முதற்படியாக, மன்னரையும் மீறிச் செல்வாக்குப் பெற்றிருந்த எட்டு வீட்டில் பிள்ளைமார் என்னும் நாயர் பிரபுக்களை ஒடுக்கினார். உள்நாட்டுப் பிரபுக்களின் பிடியிலிருந்து அதிகாரம் அரண்மனைக்கு மாறியது. நிலவரி, படை, கோட்டை, கோவில் ஆகிய அனைத்தையும் அரண்மனை அலுவலர்களே நிருவகிக்கலாயினர். நீலகண்ட பிள்ளையும் அத்தகைய அலுவலராகத் தலைநகர் பத்மநாபபுரத்தில் பணியில் சேர்ந்தார். முதலில் அங்குள்ள நீலகண்டசாமி கோவிலின் அலுவல்களைக் கவனித்தார். பின்னர் உதயகிரிக் கோட்டைக் கட்டுமானத்தில் வேலையாட்களுக்குக் கூலி வழங்கும் கருவூலப் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசின் பணமும் கோட்டையின் அமைப்பும் அறிந்த பொறுப்பு இது. பிற்காலத்தில் இவர்மீது இராசத் துரோகக் குற்றம் சுமத்துவதற்கு இப்பொறுப்பே வசதியாக அமைந்தது எனலாம்.

டிலனாயும் யோபுவின் கதையும்

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். ஆசிய அரசர் ஒருவர் ஐரோப்பியக் கும்பினிப் படையை வென்ற நிகழ்வுகளுள் இது முக்கியமானது. அப்போரில் சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய் என்னும் படை அலுவலர். ஒல்லாந்தரிடம் பணிபுரிந்தாலும் இவர் கத்தோலிக்கர். இவரது திறமையை அறிந்த மன்னர் தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கவும் கோட்டைகளைச் சீரமைக்கவும் இவரையே நியமித்தார். நாளடைவில் டிலனாய் வலிய கப்பித்தான் என்று மக்களால் அழைக்கப்படும் அளவிற்கு உயர்ந்தார். உதயகிரிக் கோட்டைப் பணியே நீலகண்ட பிள்ளையையும் டிலனாயையும் ஒருவரோடொருவர் பழகச் செய்தது.

அக்காலத்தில் நீலகண்ட பிள்ளையின் வீட்டில் தொடர்ந்து இழப்புகள் நேர்ந்தன. கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, செல்வம் குறைந்தது. தெய்வங்களின் சினம் என்று அஞ்சிச் செய்த வழிபாடுகளும் பரிகாரங்களும் பயனளிக்கவில்லை. அவர் மனம் சோர்ந்திருப்பதைக் கண்ட டிலனாய், விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார்.

இந்தக் கதையின் அமைப்பை அறிந்தால்தான் பின்னர் நடந்தவை விளங்கும். யோபு நேர்மையாளர், பெருஞ்செல்வர். செல்வம் இருப்பதனால்தான் அவர் கடவுளுக்கு அஞ்சி நடக்கிறார், அதைப் பறித்தால் கடவுளைப் பழிப்பார் என்று சாத்தான் வாதிடுகிறான். யோபுவைச் சோதிக்க அவனுக்கு அனுமதி தரப்படுகிறது. கால்நடைகளும் பிள்ளைகளும் உடல்நலமும் ஒவ்வொன்றாகப் போகின்றன. தம் துன்பம் ஒரு போராட்டத்தின் பகுதி என்பது யோபுவுக்குத் தெரியாது. தேற்ற வந்த நண்பர்களோ, துன்பம் வந்ததற்கு அவர் செய்த பாவமே காரணம் என்று குற்றம் சாட்டுகின்றனர். யோபு புலம்புகிறார், வாதாடுகிறார், தாம் பிறந்த நாளையே வெறுக்கிறார். ஆனால் கடவுளை மறுதலிக்கவில்லை.

இழப்பு என்பது தெய்வத்தின் தண்டனை என்ற எண்ணத்திலிருந்து நீலகண்ட பிள்ளையை விடுவித்தது இக்கதைதான் என்பதில் இவரது வரலாற்று நூல்கள் அனைத்தும் ஒத்துப்போகின்றன. துன்பத்தைக் கடவுள் கைவிட்டதன் அடையாளமாகக் கருதாமல், நிலைத்து நிற்க வேண்டிய இடமாகக் காணும் பார்வை அவருக்கு வாய்த்தது. பின்னாளில் அவர் பட்ட துன்பங்களை நோக்கும்போது, டிலனாய் ஆறுதலுக்காகச் சொன்ன கதை முன்னறிவிப்பாகவே முடிந்தது என்று கூறத் தோன்றும்.

வடக்கன்குளத்தில் திருமுழுக்கு

கிறித்தவராக விரும்பிய நீலகண்ட பிள்ளையை டிலனாய் வடக்கன்குளத்திற்கு அனுப்பினார். இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள இவ்வூர் அன்று திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே அமைந்திருந்தது. மன்னரின் அலுவலர் ஒருவருக்கு மன்னரின் நாட்டிற்குள்ளேயே திருமுழுக்கு அளிப்பதன் இடரை இருவரும் உணர்ந்திருந்தனர் என்பதை இது காட்டுகிறது.

அங்கே பணியாற்றிய இத்தாலியரான இயேசு சபைக் குரு ஜியோவான்னி பத்தீஸ்தா புத்தாரி, தமிழில் பரஞ்சோதிநாதர் என்று அழைக்கப்பட்டவர். வந்தவரை அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. உயர்குலத்தவரும் அரண்மனை அலுவலருமான ஒருவர் மதம் மாறினால் அவருக்கும் அப்பகுதிக் கிறித்தவர்களுக்கும் நேரக்கூடிய விளைவுகளை எண்ணித் தயங்கினார். அவரது உறுதியைச் சோதித்து, மறைக்கல்வி பயிற்றுவித்த பின்னரே இசைந்தார். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. இலாசர் என்ற விவிலியப் பெயர் அவருக்கு இடப்பட்டது. கடவுளின் உதவி என்னும் பொருளுடைய அப்பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம்.

மனைவி பார்கவி அம்மாள் முதலில் உடன்படவில்லை. உறவினரின் வெறுப்புக்கும் ஊரின் புறக்கணிப்புக்கும் அவர் அஞ்சினார். சில காலத்திற்குப் பின் அவரும் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தெரேசா என்ற பெயரை ஏற்றார். தமிழில் ஞானப்பூ என்று அழைக்கப்பட்டார்.

மதம் மாறிய பின்

திருமுழுக்குப் பெற்றதும் தேவசகாயம் பணியிலிருந்து விலகிவிடவில்லை. ஏறத்தாழ நான்காண்டுகள் அரண்மனைப் பணியிலேயே இருந்தார். இந்தக் காலப்பகுதி பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது. மதம் மாறியதற்காக மறுநாளே தண்டிக்கப்பட்டவர் அல்லர் இவர். இவரது நடத்தையில் ஏற்பட்ட மாற்றமே பகையைப் படிப்படியாக வளர்த்தது. தாழ்த்தப்பட்ட சாதியினருடன் வேறுபாடின்றிப் பழகினார், அவர்களோடு உண்டார், மனிதர் அனைவரும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். தீண்டாமையோடு காணாமையும் கடைப்பிடிக்கப்பட்டு, இன்ன சாதியார் இன்ன தொலைவில்தான் நிற்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டிருந்த நாட்டில், அரண்மனை அலுவலராகிய நாயர் ஒருவர் இவ்வாறு நடந்தது தனிமனித விருப்பமாகக் கொள்ளப்படவில்லை. ஒழுங்குமுறையின் மீதான தாக்குதலாகவே கொள்ளப்பட்டது. இவரது சொல்லால் வேறு சிலரும் கிறித்தவரானது எரிச்சலை மிகுவித்தது.

கைதும் சித்திரவதையும்

தெய்வங்களை இழித்துரைத்தார், பிராமணரை அவமதித்தார், நாட்டின் இரகசியங்களைப் பகைவருக்கும் ஐரோப்பியருக்கும் வெளியிட்டார் என்னும் குற்றச்சாட்டுகள் மன்னர் முன் வைக்கப்பட்டன. அக்காலத்தில் தளவாயாக இருந்தவர் இராமய்யன். தேவசகாயம் பதவி நீக்கப்பட்டு, 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் கைது செய்யப்பட்டார்.

உடனடியாகக் கொல்லும் நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. பணிய வைப்பதே நோக்கமாக இருந்தது. கைகள் பின்புறம் கட்டப்பட்டு, கழுத்தில் எருக்கம்பூ மாலை அணிவிக்கப்பட்டு, எருமைக் கடாவின்மேல் பின்னோக்கி அமர்த்தப்பட்டு, ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். எருக்கம்பூ மாலையும் எருமைக் கடாவும் அக்காலத்தில் கொலைக்குற்றவாளிகளுக்கு உரிய இழிவுகள். நேற்றுவரை இவர்முன் கைகட்டி நின்றவர்கள் இவரைப் பார்த்து நகைக்க வேண்டும், இவரைப் பின்பற்ற எண்ணியவர்கள் அஞ்ச வேண்டும் என்பதே இந்த ஊர்வலங்களின் நோக்கமாகும். உள்ளங்கால்களில் நாள்தோறும் பிரம்படி கொடுக்கப்பட்டது. காயங்களில் மிளகாய்ப்பொடி பூசி வெயிலில் நிறுத்தினர். குடிக்க அழுகிய நீரே தரப்பட்டது.

புலியூர்க்குறிச்சி: உதயகிரிக் கோட்டைக்கு அருகிலுள்ள இவ்வூரில், தாகத்தால் வாடிய தேவசகாயம் மண்டியிட்டு வேண்டி, முழங்கை முட்டினால் பாறையை இடித்தபோது அதிலிருந்து நீர் சுரந்தது என்பது மரபு. முட்டிடிச்சான் பாறை என்று அவ்விடம் இன்றும் அழைக்கப்படுகிறது. அங்கு ஓர் ஆலயமும் உண்டு. கோட்டைக்குக் கூலி வழங்கிய கை, அதே கோட்டையின் அருகில் விலங்கிடப்பட்டிருந்தது.

பெருவிளை: நாகர்கோவிலை அடுத்த இவ்வூரில் பல மாதங்கள் ஒரு வேப்ப மரத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார். காவலர் கண்முன்னே திறந்த வெளியில் கட்டப்பட்டிருந்தவரைக் காண முதலில் வேடிக்கை பார்ப்போர் வந்தனர். பின்னர் நோயாளிகளும் துயருற்றோரும் வரத் தொடங்கினர். மகப்பேறு இல்லாத ஆராச்சர் ஒருவருக்காகத் தேவசகாயம் வேண்டியதாகவும் அவருக்குக் குழந்தை பிறந்ததாகவும், அம்மரத்தின் இலைகளைக் கொண்டுசென்று மக்கள் நலம்பெற்றதாகவும் கதைகள் வழங்குகின்றன. இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் அச்சுறுத்துவதற்காக வெளியில் நிறுத்தப்பட்டவர் மக்கள் தேடிவரும் மனிதராக மாறிவிட்டார் என்பதை இக்கதைகள் உணர்த்துகின்றன. தண்டனையின் நோக்கமே தோற்றுவிட்டது.

கிறித்தவ மரபில் நம்பிக்கை வாழ்வைப் போருக்கு ஒப்பிடும் வழக்கம் உண்டு. புனித பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரம் கடவுள் தரும் படைக்கலங்களைப் பற்றிப் பேசுகிறது. அங்குக் கேட்கப்படுவது முன்னேறித் தாக்குவது அன்று, எல்லாம் முடிந்த பின்னும் நிலைத்து நிற்பதே; பகைவர் என்று சொல்லப்படுவோரும் மனிதர் அல்லர். தேவசகாயத்தின் சிறைவாழ்வை மறையுரையாளர்கள் பெரும்பாலும் இந்த அதிகாரத்தோடு இணைத்தே விளக்குவர். அதற்குப் பொருத்தம் உண்டு. படைக்கலப் பயிற்சி பெற்றவர், கோட்டையின் நுழைவாயில்களை அறிந்தவர், படைத்தலைவரின் நண்பர் என்ற நிலையிலிருந்த இவர், தம்மை விடுவித்துக்கொள்ள அவற்றுள் எதையும் பயன்படுத்தவில்லை. தம்மை வதைத்த காவலருக்காக வேண்டினார் என்றே வரலாறுகள் கூறுகின்றன.

ஆரல்வாய்மொழி

பெருவிளையில் மக்கள் கூடுவதை விரும்பாத அதிகாரிகள் தேவசகாயத்தை நாட்டின் கிழக்கு எல்லையாகிய ஆரல்வாய்மொழிக்கு மாற்றினர். மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து கணவாயாகும் இடம் அது. ஓயாத காற்றுக்குப் பெயர்போனது. அங்கும் மக்கள் தேடி வந்தனர். அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம் கணவாய்க்கு அப்பால் சிறிது தொலைவில்தான் இருந்தது. எல்லையைக் கடந்தால் மன்னரின் அதிகாரம் இல்லை. தப்பிச்செல்ல வாய்ப்பிருந்தும் அவர் போகவில்லை என்று மரபு சொல்கிறது.

1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் இரவு வீரர்கள் அவரைக் காற்றாடி மலைக்குக் கொண்டுசென்றனர். நடக்க இயலாத நிலையில் இருந்தவரைத் தூக்கிச் சென்றதாகவும், வேண்டுதல் செய்யச் சிறிது நேரம் கேட்டு அவர் முழந்தாளிட்டதாகவும், பின்னர் துப்பாக்கிகளால் சுட்டதாகவும் கூறப்படுகிறது. அவருக்கு வயது 39. உடல் காட்டில் எறியப்பட்டது. சில நாட்கள் கழித்துக் கிறித்தவர்கள் எஞ்சிய எலும்புகளைத் திரட்டிக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்தின் முன் அடக்கம் செய்தனர்.

ஊர் ஊராக எருமையின்மேல் ஏற்றி அனைவரும் காணச் செய்யப்பட்டவர், இறுதியில் இரவில், மலையில், மக்கள் அறியாதபடி கொல்லப்பட்டார் என்பது கருதத்தக்கது.

மனைவி ஞானப்பூ அதன்பின் திருவிதாங்கூரில் தங்கவில்லை. வடக்கன்குளத்தில் குடியேறி ஏறத்தாழ 14 ஆண்டுகள் வாழ்ந்து 1766இல் இறந்தார். அவரது கல்லறை அங்கே உள்ளது. கணவரைப் போல இவரும் அனைத்தையும் இழந்தவர். ஆனால் வரலாறுகள் இவரைப் பற்றிச் சில வரிகளோடு நின்றுவிடுகின்றன.

டிலனாய் மன்னரின் பணியில் தொடர்ந்தார். 1777இல் உதயகிரிக் கோட்டையில் இறந்து அங்குள்ள சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதப்பட்டுள்ளது.

தண்டனைக்கான காரணம் குறித்த கருத்து வேறுபாடு

தேவசகாயம் கொல்லப்பட்டது நம்பிக்கைக்காகவா, அரசியல் குற்றத்திற்காகவா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்படும் பொருளாகும். 2012ஆம் ஆண்டு விழாவை ஒட்டி இவ்விவாதம் மீண்டும் எழுந்தது.

இவர் மதத்திற்காகத் தண்டிக்கப்படவில்லை என்போர் வலுவான சில காரணங்களைக் காட்டுகின்றனர். மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டிலனாயே கத்தோலிக்கர். கோட்டைக்குள் அவருக்கு ஆலயம் இருந்தது. திருவிதாங்கூரின் கடற்கரை முழுவதும் பிரான்சிஸ் சவேரியார் காலம் முதல், அதாவது 16ஆம் நூற்றாண்டு முதல் கிறித்தவர்கள் வாழ்ந்துவந்தனர். அவர்களை மன்னர் ஒடுக்கியதில்லை. ஆகவே ஓர் அலுவலரை மட்டும் மதத்திற்காகக் கொல்ல வேண்டிய தேவை என்ன என்று இவர்கள் வினவுகின்றனர். கோட்டையும் கருவூலமும் அறிந்த ஒருவர் ஐரோப்பியருடன் நெருங்கிப் பழகியது, எட்டு வீட்டில் பிள்ளைமாரை ஒடுக்கி ஆட்சியை நிலைநிறுத்திய மன்னருக்கு ஐயத்தைத் தந்திருக்கலாம் என்பதும் மறுக்கத்தக்கதன்று.

மறுபக்கத்தில், பிறப்பால் கிறித்தவரான வெளிநாட்டவரையோ கடற்கரை மீனவரையோ பொறுத்துக்கொள்வதும், அரண்மனையில் பொறுப்பு வகித்த நாயர் ஒருவர் குல ஒழுக்கத்தை விட்டு விலகுவதைப் பொறுத்துக்கொள்வதும் ஒன்றல்ல என்று சுட்டிக்காட்டப்படுகிறது. இவர் சிறையிலிருந்த காலத்திலேயே, 1750ஆம் ஆண்டு சனவரியில், மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்கு அர்ப்பணித்துத் தாம் பத்மநாபதாசனாக ஆளத் தொடங்கினார். திருப்படித்தானம் எனப்படும் இச்சடங்கிற்குப் பின் நாடு தெய்வத்தின் உடைமை. மன்னர் அதன் அடியார். அத்தகைய அரசில் தெய்வத்தை மறுப்பதையும் அரசை மறுப்பதையும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிக்க முடியாது. எனவே இது மதமா அரசியலா என்று கேட்பதே அக்காலத்திற்குப் பொருந்தாத வினா என்று கருத இடமுண்டு.

இராசத் துரோகிக்கு மூன்றாண்டுகள் உயிர்ப்பிச்சை அளித்து, பழைய நம்பிக்கைக்குத் திரும்பினால் விடுதலை என்று வாய்ப்பும் அளிப்பது வழக்கமன்று. மரபுச் செய்திகளை நம்பினால், தேவசகாயத்தின் விடுதலைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை மதத்தைப் பற்றியதாகவே இருந்தது. திருச்சபையின் தீர்மானம் முதன்மையாக இதையே சார்ந்தது.

புனிதர் பட்டம் நோக்கி

கொச்சி ஆயர் கிளமென்ஸ் ஜோசப் தேவசகாயத்தின் இறப்புச் செய்தி கேட்டு நன்றிப் பாடல் வழிபாடு நடத்தினார். 1756இல் உரோமைக்கு அறிக்கையும் அனுப்பினார். 1780இல் கேரளத்துக் குரு கரியாட்டில் யௌசேப்பு, இவருக்குப் புனிதர் பட்டம் வேண்டி வத்திக்கானில் விண்ணப்பம் அளித்தார். அதன்பின் நெடுங்காலம் இம்முயற்சி முன்னேறவில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இவருக்குத் திருமுழுக்கு அளித்த இயேசு சபை 1759இல் போர்ச்சுக்கல் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1773இல் உலகெங்கும் கலைக்கப்பட்டது. சான்றுகளைத் திரட்டி வழக்கை நடத்தியிருக்கக்கூடிய அமைப்பே இல்லாமற் போயிற்று. 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோவோடு ஒப்பிட்டால் இது விளங்கும். போர்த்துக்கீசிய உயர்குடியினரும் இயேசு சபைக் குருவுமான அவருக்கு 1853இல் முத்திப்பேறு பெற்றவர் பட்டமும் 1947இல் புனிதர் பட்டமும் கிடைத்தன. குடும்பத்தவராகிய தேவசகாயம் 260 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

ஆயினும் கன்னியாகுமரிப் பகுதி மக்கள் அதிகாரப்பூர்வ அறிவிப்பை எதிர்பார்த்திருக்கவில்லை. கோட்டாறு, காற்றாடி மலை, பெருவிளை, புலியூர்க்குறிச்சி ஆகிய இடங்களுக்குச் சென்று வேண்டுவது தொடர்ந்து நடந்துவந்தது. தேவசகாயம் பிள்ளை நாடகமும் வாசாப்பும் ஊர்த் திருவிழாக்களில் இரவு முழுதும் நடிக்கப்பட்டன. இலங்கையில் யாழ்ப்பாணப் பகுதிக் கத்தோலிக்கர் நடுவே இவரது கதை நாட்டுக்கூத்தாகவும் ஆடப்பட்டது. ஆவணங்கள் உறங்கிக் கிடந்த காலத்தில் இவரது வரலாற்றைக் காத்தவை இவையே.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டாறு மறைமாவட்டம் முறைப்படி முயற்சியை மேற்கொண்டது. 2012ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், தேவசகாயம் நம்பிக்கையின்பொருட்டு மறைசாட்சியாக இறந்தவர் என்னும் ஆணைக்கு ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டு திசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ தலைமையில் முத்திப்பேறு பெற்றவர் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. கருவிலிருந்த குழந்தை ஒன்று பிழைத்ததைத் தேவசகாயத்தின் பரிந்துரையால் நிகழ்ந்த புதுமை எனத் திருத்தந்தை பிரான்சிசு 2020இல் ஏற்றார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வத்திக்கான் புனித பேதுரு சதுக்கத்தில் மேலும் ஒன்பது பேருடன் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருநாள் சனவரி 14.

பெயரில் பிள்ளை

2012ஆம் ஆண்டு விழாவில் தேவசகாயம் பிள்ளை என்றே அழைக்கப்பட்டவர், 2022இல் தேவசகாயம் என்று மட்டுமே அறிவிக்கப்பட்டார். சாதி வேறுபாட்டை எதிர்த்தவரின் பெயரோடு சாதிப் பட்டம் சேர்ந்திருப்பது முறையன்று என்று சிலர் வத்திக்கானுக்கு எழுதியதன் விளைவு இது. பெயர் நீக்கத்தை ஏற்காதவர்களும் இருந்தனர். அவர் தம்மை எந்தச் சமூகத்திலிருந்து விலக்கிக்கொண்டார் என்பதை அப்பட்டமே காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். மக்கள் வழக்கில் இரு பெயர்களும் நிலவுகின்றன. பழைய நூல்களும் நாடகங்களும் தேவசகாயம் பிள்ளை என்றே குறிப்பதால் இக்கட்டுரையும் அத்தலைப்பையே கொண்டுள்ளது.

இவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயம், சாதியினர் தனித்தனியே அமர்வதற்காக இரு பிரிவுகளாக அமைக்கப்பட்டு, நடுவே சுவரும் எழுப்பப்பட்டிருந்தது. அச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது.

நினைவிடங்கள்

கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்திலுள்ள கல்லறை, நட்டாலத்தில் அவர் பிறந்த இடம், புலியூர்க்குறிச்சிப் பாறை, பெருவிளை ஆலயம், ஆரல்வாய்மொழி காற்றாடி மலை ஆகியவை திருப்பயணிகள் செல்லும் இடங்கள். காற்றாடி மலையில் தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறை ஒன்றுண்டு. தேவசகாயம் கொல்லப்பட்ட வேளையில் பாறை பெயர்ந்து மணியோசை எழுந்தது என்ற நம்பிக்கையால் அதை மணியடிச்சான் பாறை என்பர். மலையடிவாரத்திலிருந்து கிழக்கே பார்த்தால் முப்பந்தல் காற்றாலைகளும், அவற்றுக்கு அப்பால் வடக்கன்குளம் செல்லும் சமவெளியும் விரிகின்றன.